குடிபுகும் இடம் தெரிதல்

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் உயிர்களுக்கு அவற்றின் வினைக்கீடாக இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து அளிக்கின்றான் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இந்நான்கனுள் தனுவையும் கரணத்தையும் விரித்து ஆராயும் அன்பர்கள், புவனம் என்பதனை இருநூற்றிருபத்துநான்கு என எண்ணிச் சொல்லிய அளவில் அமைந்துவிடுதல் பெரும்பான்மை வழக்கம். ஓர் உயிர் நாடோறும் துயின்றெழும் வீடும், அது நிற்கும் தெருவும், அத்தெருவில் வரும் நீரும், வீசும் காற்றும், அண்டை வீட்டார் இயல்பும் ஆகிய இவையும் புவனத்தின் பாற்படுவனவே யன்றோ? உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பதனைக் கற்றறிந்தவர், தாம் எதனைச் சாரப்போகின்றார் என்பதனை வீட்டுத்தரகர் கையில் முழுதும் விட்டுவிடுதல் வியப்பிற்குரியதாம்.

அற்றேல், புவனமும் வினையாற் கிடைப்பதாயின் இடந்தெரிதல் எற்றுக்கு எனின், கூறுதும். வந்து பொருந்தும் இடம் பிராரத்தத்தின் பயனே. ஆயினும் அதனைத் தெரியுங்கால் உயிரின் இச்சையும் அறிவும் செயலும் தொழிற்படுகின்றன. கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் சிறிதே விளக்கிநிற்க, அச்சிறு விளக்கத்திற்கொண்டு ஒருவன் ஒன்றனை விரும்பி, ஒன்றனை ஆராய்ந்து, ஒன்றனைக் கொள்கின்றான். அவ்வாறு கொள்ளும்பொழுது யாருடைய நலத்தை முன்வைத்தான், யாருடைய நலத்தைப் புறந்தள்ளினான் என்பதன் வழியே ஆகாமியம் ஏறும். ஆதலின் இஃது எளிதின் ஒதுக்கத்தக்க செய்தியன்று. திருநெல்வேலியினின்றும் சென்னைக்குப் பெயர்ந்த ஒரு குடும்பத்தாரின் செய்தி இதனைத் தெளிவிக்கும்.

அக்குடும்பத் தலைவர் அரசாங்க அலுவலர் ஒருவர். பெரியபுராணத்தை ஆண்டுக்கொருமுறை முற்ற ஓதும் நியமமுடையவர். அவர்தம் அன்னையார் எழுபத்தைந்து அகவை கடந்தவர். நெல்லையப்பர் திருக்கோயிலுக்கு நாற்பதாண்டுகளாக நாள்தோறும் காலையில் நடந்து சென்று மீள்பவர். மனைவியார் பள்ளியாசிரியை. மகன் ஒருவன், பத்தாம் வகுப்பினன். மழைக்காலத்தும் புகை படிந்தவிடத்தும் இரைப்பினால் வருந்துபவன். சென்னைப் பாரிமுனையை அடுத்த அலுவலகத்திற்கு மாறுதல் வந்தபொழுது, வீடு தேடிக் குடிபுக அவருக்குக் கிடைத்தது ஒரு திங்கள் அவகாசமே.

நகரத்தில் முன்னரே வாழும் நண்பர்கள் பலபடக் கூறினர். ஒருவர், அலுவலகத்திற்கு அண்மையே தலையாய தகுதி என்றார். மற்றொருவர், ஊர் நெரிசலினின்றும் விலகி வாழ்க என்று, மறைமலையடிகளின் சான்றினைக் காட்டினார். 1898-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியராக வந்த அடிகள், 1911-இல் அப்பணியை நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறி, 1950-இல் மறையுந்துணையும் ஆண்டே தங்கி எழுதினார் என்பது உண்மை. எனினும் அடிகள் கண்ட பல்லாவரம் வேறு, இக்காலத்துப் பல்லாவரம் வேறு. விமானநிலையமும் பெருஞ்சாலையும் சூழ்ந்த அவ்விடத்து அன்றைய தனிமையை நாடிச் செல்வார் ஏமாற்றமே எய்துவர். மூன்றாம் நண்பரோ, உள்ளத்தையே கோயிலாகக் கொண்டார்க்கு எவ்விடமும் ஒன்றே. திருநின்றவூர்ப் பூசலாரும் மயிலை வாயிலாரும் மனத்தின்கண் அன்றோ கோயில் எடுத்தனர் என்று வாதித்தார். கேட்டற்கு இனிய வாதம். ஆயினும் பூசலார் கற்கோயில் எடுக்கப் பொருள் தேடி அலைந்து, அது கிட்டாமையினாலேயே மனத்தில் எடுத்தார் என்பதனை அந்நண்பர் மறந்தார். நாயன்மார் வறுமையினின்றும் கண்ட வழியைச் சோம்பலினின்றும் மேற்கொள்ளுதல் தகாது. அன்றியும், மலம் நீங்கிய சீவன்முத்தர்க்கே அடியாரோடு கூடுதலையும் ஆலயத்தை அரனெனத் தொழுதலையும் சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் விதித்திருக்க, ஏனையோர் அதனின் நீங்குதல் எங்ஙனம் பொருந்தும்?

அன்னையார் இவ்வாதங்களுள் தலையிட்டிலர். வீடு காணப் புறப்பட்ட மகனிடம் மூன்று வினாக்களை மட்டும் ஒப்புவித்தார். நடந்துசென்று மீளும் தொலைவில் சிவாலயம் உண்டா? குடிக்கவும் புழங்கவும் நீர் எத்தகையது? மூன்றாவது வினாவைக் கேட்டு மகனார் தலைகுனிந்தார்: "ஐயா, அந்த வீட்டின் படிகள், நாலுபேர் என்னைச் சுமந்து இறங்குதற்குப் போதிய அகலம் உடையனவா என்று பார்த்து வா."

முதற்கண் வேளச்சேரியில் ஒரு வீடு காட்டப்பெற்றது. ஆண்டுத் தண்டீசுவரர் கோயில் உண்டு, பறக்கும் இரயிலும் உண்டு, வீடும் புதியது. கீழ்த்தளத்துச் சுவரில் வெள்ளையடிப்பையும் மீறி இடுப்பளவில் ஒரு கோடு தெரிந்தது. அண்டை வீட்டு முதியவரை வினாவியபொழுது, 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற அளவு அது என்றும், 2023 டிசம்பரில் புயல் மழையின்போதும் தெருவிற் படகு வந்தது என்றும் அவர் யாதும் மறையாது கூறினார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதனைச் சேர்ந்த ஏரிகளும் தென்சென்னையின் மழைநீர் சென்று தங்கும் இயற்கைப் பள்ளங்கள். அவற்றின் பெரும்பகுதி கட்டடங்களாகிய பின்னரே, எஞ்சியது 2022-இல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. தனக்குரிய இடத்தை நீர் தேடிவருதலை வெள்ளம் என்று பழித்துப் பயனில்லை. புதுநகரில் வீடு தேடுவார் தரகரை ஒருமுறை வினாவினால் அண்டை வீட்டாரை இருமுறை வினாவுதல் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் ஒருநாள் அடைமழையிற் சென்று தெருவைப் பார்த்தல் அதனினும் நன்று.

பின்னர் மயிலாப்பூர். சைவர் உள்ளம் இயல்பாகவே செல்லுமிடம் அது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் பூம்பாவையை எழுப்பிய திருப்பதிகத்தில் அவ்வூரின் ஆண்டு விழாக்கள் ஒவ்வொன்றாக எடுத்தோதப்பெறுகின்றன. இறந்த பெண்ணை உயிர்வாழ அழைத்தற்கு ஊரின் விழாக்களைக் காட்டினார் என்பதனை நினையுந்தோறும், ஓர் ஊர் குடியிருத்தற்கு உரியதாவது எதனால் என்பது விளங்கும். கடற்கரைக்கண் இருந்த பழைய கோயில் போர்த்துகீசியர் காலத்து அழிந்தது என்பர். இப்பொழுதுள்ள கோயில் பின்னர் எடுக்கப்பெற்றது. கோயில் இடம்பெயர்ந்தும் விழா நின்றிலது. பங்குனியில் அறுபத்துமூவர் வீதியில் எழுந்தருளும் நாளில் அம்மாடவீதிகள் கொள்ளாத அளவு மக்கள் திரள்கின்றனர்.

அத்தகைய மாடவீதிக்கு அணித்தாக ஒரு பழைய வீடு. திண்ணையும் முற்றமும் கிணறும் உடையது. அன்னையாரையும் உடனழைத்துச் சென்றிருந்தனர். வீட்டுடையார் முதலில், "நீங்கள் சைவமா?" என்றார். அலுவலர் மகிழ்ந்து, தீக்கையும் பெற்றுள்ளோம் என்றார். வீட்டுடையார் வினாவியது புலால் உண்பதுண்டோ என்பதொன்றனையே. சென்னையில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று தொங்கும் பலகைகளின் பொருள் இதுவே. முப்பொருள் உண்மை உணர்ந்தாரைத் தேடி எவரும் பலகை மாட்டுவதில்லை. இதனை நகைத்து விடலாம். அடுத்த வினா நகைக்கத்தக்கதன்று. அவர் குலம் யாதென்று கேட்டார். அலுவலர் விடை கூறாது நின்றார். கூறியிருப்பின் வீடு கிடைத்திருக்கவும் கூடும், கிடையாதிருக்கவும் கூடும். இரண்டும் அவருக்கு ஒப்பவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த அன்னையார் எழுந்து, "ஆண்டுதோறும் இந்தத் தெருவழியே அறுபத்துமூவர் போகின்றார்களே, அவர்களிடமும் இதைக் கேட்டால் உங்கள் வீட்டில் எத்தனைபேர் தங்குவார்கள்?" என்று சொல்லிப் படியிறங்கினார். திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் தோளில் சுமந்து செல்லும் தெருவில் இவ்வினா இன்றும் வழங்குதல் சைவ உலகிற்கு நாணந்தருவது. மகனார் அன்று மாலை வரை ஒன்றும் பேசிற்றிலர் என்பர்.

திருவான்மியூரில் மனைவியாருக்கு உவப்பாயிற்று. மருந்தீசர் சந்நிதி, கடற்காற்று, நல்ல பள்ளிகள். ஆயின் வாடகை, வருவாயில் மூன்றில் ஒரு பங்கினை மேற்செல்லலாகாது என்று அவர்கள் வகுத்திருந்த வரம்பைக் கடந்தது. வரம்பினுள் அகப்பட்ட ஒரே வீடு நான்காம் மாடியில், மின்தூக்கி இல்லாதது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. குடிநீர்க்கு லாரியை எதிர்நோக்க வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபொழுது அத்தெருவார் குடங்களோடு நின்ற செய்தியைக் காவலாளி கூறினார். படியின் அகலத்தைப் பார்த்து வந்த மகனார், அதனைப் பற்றி அன்னையிடம் யாதும் சொல்லிற்றிலர்; அவரும் கேட்டிலர்.

இனித் திருவொற்றியூர். அன்னையாரின் உள்ளம் முதலிலிருந்தே நின்றது அங்கே என்பது பின்னரே எல்லார்க்கும் தெரிந்தது. மூவர் பாடலும் பெற்ற தலம். கவசத்தினுள் மறைந்திருக்கும் புற்றிடங்கொண்டாரை, கார்த்திகை முழுமதியை ஒட்டிய மூன்று நாட்களே கவசமின்றிக் காணலாகும். கலியநாயனார் குருதியால் விளக்கெரிக்கத் துணிந்தது அங்கே. ஏழுகிணற்றுப் பக்கத்தில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் கடந்து சென்று வழிபட்டது அங்கே; பட்டினத்தடிகள் அடங்கியது அங்கே. இவையனைத்தும் ஒருபுறமிருக்க, 2021-இல் மெட்ரோ இரயில் அவ்வழியே நீண்டதனால், கோயிலுக்கு அணித்தாகிய தேரடி நிலையத்தில் ஏறி உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்கின், அலுவலகம் நடைத்தொலைவாயிற்று. வாடகை குறைவு. தரைத்தளத்து வீடு, அகன்ற வாயில். மூன்று வினாக்களுள் இரண்டிற்கு நிறைவான விடை கிடைத்துவிட்டது. நீர் பற்றியும் பெருங்குறையில்லை என்றனர்.

தடை கூறியவர் மருமகளார். தடை காற்றினைப் பற்றியது. வடசென்னையின் அப்பகுதியை அடுத்து மணலித் தொழிற்சாலைகளும் எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. காற்று அப்பக்கமிருந்து வீசும் நாளில் நாற்றம் வீட்டினுள் வரும். 2023 டிசம்பர் மழையில் எண்ணூர்க் கழிமுகத்து நீரில் எண்ணெய் கலந்து, எர்ணாவூர்ப் பகுதி வீடுகளிலும் மீனவர் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிற்று. அத்திங்களின் இறுதியிலேயே எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினர். இவற்றைச் செய்தித்தாள்களிற் கண்டிருந்த அவர், "அத்தை கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பார்கள், பையன் எதற்குப் பக்கத்தில் இருப்பான்?" என்று கணவரிடம் வினாவினார். மருத்துவரும் அப்பகுதி பையனுக்கு ஆகாது என்றார். அலுவலர் இருதலைக்கொள்ளி எறும்பாயினார். அன்னைக்கு எஞ்சிய நாள் சில. மைந்தனுக்கு வரும் நாள் பல. எதனை நிறுத்து எதனைக் குறைப்பது?

ஈண்டு அன்பர்கள் சுந்தரமூர்த்தி நாயனார் செய்தியை நினைவு கூர்தல் இயல்பு. ஒற்றியூரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் சூளுரைத்துத் தங்கியவர், ஆரூர் வசந்தவிழா நினைவுவந்து ஈர்க்க, எல்லையைக் கடந்தவுடன் கண்ணொளி இழந்தார். இதனைச் சூள் பிழைத்ததன் தண்டமென்று மட்டும் கூறி முடிப்பாருளர். அப்பகுதியை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்திற் கற்பார், தம்பிரான்தோழரே ஆயினும் ஓரூரிலிருந்துகொண்டு மற்றோரூரை மறத்தல் அரிதாயிற்று என்பதனையும் காண்பர். ஊர் பெயர்ந்தார் அனைவர்க்கும் இந்நோய் உண்டு. அதற்கு மருந்தாகவே முதியோர் பெருந்தலம் ஒன்றைச் சார விரும்புகின்றனர். அவ்விருப்பத்தைக் குறைகூறுதல் எளிது. நாற்பதாண்டு நெல்லையப்பர் சந்நிதியில் நின்றவர்க்கு அதனை விட்டுப் போதல் எத்தகையது என்பதனை எண்ணினார்க்கு அது கூடாது.

முன்பணம் கொடுப்பதாகக் குறித்த நாளின் முன்னிரவில் பையனுக்கு இரைப்புக் கண்டது. உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில் விடியும் வரை உட்கார்ந்தே கழித்தான். அவனருகே முதுகைத் தடவிக்கொண்டிருந்த அன்னையார், வைகறையில் மகனை எழுப்பி, "ஒற்றியூர் வேண்டாம் ஐயா. கவசம் திறக்கும் நாளில் கூட்டிப்போய்க் காட்டு, போதும்" என்றார். மருமகளார் அதனை உள்ளிருந்து கேட்டு வெளிவந்து ஏதோ சொல்ல முயன்றபொழுது, "நீ காப்பி போடு" என்று அச்சொல்லை நிறுத்திவிட்டார். இவ்வளவே நடந்தது. தியாகம் என்ற சொல்லை அவ்வீட்டில் எவரும் வழங்கவில்லை.

எஞ்சிய நாட்கள் ஒன்பது. இறுதியில் அவர்கள் குடிபுகுந்தது வில்லிவாக்கம். முன்னர் எந்நண்பரும் எடுத்துரையாத இடம். புறநகர் இரயிலில் சென்டிரல் எய்தி அங்கிருந்து பாரிமுனை செல்லல் எளிது. பையனின் பள்ளி நடைத்தொலைவு. மனைவியாருக்கும் அப்பக்கத்துப் பள்ளியொன்றில் பணி வாய்த்தது. தெரு சிறிது மேடு. 2015-இல் வாயிற்படி வரை மட்டுமே நீர் வந்ததாக எதிர்வீட்டு மூதாட்டி கூறினார். வீட்டுடையார் பத்துத் திங்கள் வாடகையை முன்பணமாகக் கேட்டார். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2019 முதல் நடைமுறைக்கு வந்தது, இருவர்க்குள் வேறு உடன்பாடு இல்லாதவழி மூன்று திங்கள் வாடகைக்கு மேற்படாத முன்பணமே கொள்ளலாம் என்கின்றது என்பதனையும், ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதியப்படல் வேண்டும் என்பதனையும் அலுவலர் பணிவுடன் எடுத்துரைத்தார். மூன்றாகாது ஐந்தாயிற்று. குலத்தை அவர் வினாவவில்லை.

அன்னையார்க்கு ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. அங்குள்ள அகத்தீசுவரர் கோயில் பாடல்பெற்ற தலமன்று. "பதிகம் இல்லாத கோயிலா?" என்று கேட்டார். மகனார் சாத்திரங்கொண்டு விடையிறுக்கப் புகுந்தார்: ஆலயந்தானும் அரன் என்றே ஆசிரியர் மெய்கண்டார் கூறினாரன்றிப் பாடல்பெற்ற ஆலயம் என்று வரையறுத்திலர், பதிகம் பெற்ற திருவலிதாயமோ அணித்தாகிய பாடியிலேயே உள்ளது, பிரதோடந்தோறும் செல்லலாம் என்றார். இவ்விடை முறையானதே. ஆயின் அவரை அமைதியுறுத்தியது இதுவன்று. வில்வலனை அகத்தியர் அழித்த இடமாதலின் வில்லிவாக்கம் எனப் பெயர்பெற்றது என்னும் தலவழக்கைக் கோயில் வாயிலிற் பூ விற்கும் பெண்ணொருத்தி கூற, "பொதியில் அகத்தியரா?" என்று இருமுறை வினாவி உறுதி செய்துகொண்டார். பொதியிலிற் பிறக்கும் தாமிரவருணியின் நீர் குடித்து வளர்ந்தவர்க்கு அவர் அயலார் அல்லரே.

படி நான்கே, அகலம் போதியது. வீட்டினின்றும் கோயில் வரை நடை பன்னிரண்டு நிமிடம், அன்னையார்க்கு இருபது. இரண்டாம் வாரத்திலேயே பூக்காரி அவரைத் திருநெல்வேலி அம்மா என்று அழைக்கலானாள். கார்த்திகைக்கு ஒற்றியூர் செல்வதானால் தானும் உடன்வருவதாகச் சொல்லியிருக்கின்றாள்.